இரு பக்கமும் எழுதுகிற கலை

பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைகளின் அடியிலே புகுந்து செல்லும் எட்டுவழிச் சாலையின் லாபநஷ்டங்களை ஆராய்ந்து வியாசம் எழுதும்படி ஒரு மாணவனிடம் சொன்னால், நாலு நன்மையும் நாலு தீமையுமாக அடுக்கி, 'ஆகவே இரண்டும் உண்டு' என்று முடித்துவிடுவான். அது கணக்கப்பிள்ளையின் பேரேடாகுமே தவிர வியாசம் ஆகாது. சிக்னலில் நில்லாமல் விரைகிறவனுக்கு மிச்சமாகும் நிமிஷங்களையும், வருஷக்கணக்கில் நீண்ட வேலையின்போது மிட்டாய் ஜாடிகளின் புழுதியைத் துடைத்துத் துடைத்தே வியாபாரம் செய்த பெட்டிக்கடைக்காரரின் அலுப்பையும் எதிரெதிரே நிறுத்தி, எது யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று விசாரிப்பதிலேதான் ரசம் பிறக்கிறது.

இப்படி இரு பக்கமும் எழுதுவது நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரிலே பரபக்கத்தை முதலில் வைத்து, மாற்றுச் சமயத்தாரின் வாதங்களை அவரவர் கட்சியாகவே எடுத்துரைத்து மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் சித்தாந்தத்தை நிறுவினார். அவர் நடுநிலையாளர் அல்லர். ஆயினும் எதிராளிக்கு முதலில் பேச இடம் கொடுத்தார். (நம் பட்டிமண்டபங்களில் சில நடுவர்கள் அந்த உபகாரத்தைக்கூடச் செய்வதில்லை.) மாணவனின் வியாசத்திலும் அப்படித்தான்: தீர்ப்புச் சொல்லக் கூசுகிற வியாசத்தைக் காட்டிலும், 'சாலை வேண்டியதுதான், ஆனால் நடந்துபோகிறவனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று துணிந்து ஒரு பக்கம் சாய்கிற பையனின் வியாசத்துக்கே நான் அதிக மார்க்கு போடுவேன்.