கர்ஜாவின் குரல்: அந்தலூசியக் கவிதையிற் பண்பாட்டு ஊடாட்டமும் அதன் எல்லைகளும்

மத்தியகால ஸ்பெயினில் முஸ்லிம்களும் யூதரும் கிறிஸ்தவரும் கூடிவாழ்ந்தமை குறித்து ஆய்வாளரிடையே இரு போக்குகள் நிலவிவந்துள்ளன. அமெரிக்கோ காஸ்த்ரோ 1948 இல் வெளியிட்ட நூலில், மூன்று சமூகத்தாரின் இணைவாழ்விலேயே ஸ்பானியப் பண்பாடு உருப்பெற்றது என்றார். சான்செஸ் அல்போர்னொஸ் 1956 இல் அதனை மறுத்தெழுதினார். இவ்விருவரின் வழிவந்தோர் தம்முள் முரண்படினும், பண்பாட்டை அதன் சமூக அடித்தளத்திலிருந்து பிரித்து நோக்குவதில் பெரிதும் ஒன்றுபடுகின்றனர். நாம் இங்கு ஓர் இலக்கிய வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு இப்பிரச்சினையை அணுக முயல்கின்றோம்.

அந்தலூசியாவிலே தோன்றிய முவஷ்ஷஹ் என்னும் பாவடிவம் செவ்வியல் அரபிலும், பின்னர் எபிரேயத்திலும் இயற்றப்பட்டது. அதன் இறுதியடிகள் கர்ஜா எனப்படும். ‘வெளியேறுதல்’ என்பது அதன் பொருள். இவ்வடிகள் பெரும்பாலும் பேச்சு அரபிலோ, இலத்தீன்வழிப் பேச்சுமொழியிலோ அமைவன. எபிரேயப் பாடல்களின் ஈற்றில் எபிரேய எழுத்திலேயே மறைந்துகிடந்த இப்பேச்சுமொழியை 1948 இல் ஸ்டேர்ன் இனங்காட்டினார். காதலனைப் பிரிந்த பெண்ணின் கூற்றாகவே இவ்வடிகள் பெரிதும் அமைந்துள்ளன.

எகிப்திய அறிஞர் இப்னு சனா அல்முல்க் (இற. 1211), கர்ஜா சாமானியரின் கொச்சைமொழியில் அமையவேண்டும் என்றும், புலவன் அதனையே முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இலக்கணம் வகுத்தார். இது கூர்ந்து நோக்கத்தக்கது. அரசவைக் கவிதையின் உயிர்நிலை தெருவிலும் மனையிலும் வழங்கிய மொழியிலேயே தங்கியிருந்தது. அம்மொழி எந்தவொரு சமயத்தாருக்கும் தனியுரிமையானதன்று. சந்தையும் தொழிலும் குடும்பமும் அதனைப் பொதுமையாக்கின. கர்ஜாக்கள் நாட்டார் பாடல்களா, புலவரின் புனைவா என்ற விவாதம் இம்முடிவை மாற்றாது. புனைவாயினும், புலவன் கடன்வாங்கியது சாமானியப் பெண்ணின் குரலையே. ஆயின் அக்குரலுக்குக் கிடைத்த இடம் பாட்டின் வால் மட்டுமே.

மேனிலையில் நிகழ்ந்த ஊடாட்டமோ புரவலரைச் சார்ந்திருந்தது. பத்தாம் நூற்றாண்டிலே துனாஷ் பென் லப்ராத் அரபு யாப்பை எபிரேயத்திற்குக் கொணர்ந்தார். அவ்யாப்பிற் சிறந்த சாமுவேல் ஹநாகித் கிரானடாவின் வஸீராக உயர்ந்தார். எனினும் யூதரும் கிறிஸ்தவரும் தலைவரி செலுத்தும் கீழ்நிலைக் குடிகளாகவே சட்டத்திற் கருதப்பட்டனர். சாமுவேலின் மகனும் வஸீருமான யோசேப்பு 1066 இற் கொல்லப்பட்டார்; யூதர் பலர் அவருடன் மாண்டனர். அவருக்கும் அவரது இனத்தாருக்கும் எதிராக அபூ இஸ்ஹாக் என்ற புலவர் யாத்த வசைப்பாடலும் அரபு யாப்பிலேயே அமைந்தது. அரசிறையின் சுமைக்கும் அதிகாரப் போட்டிக்கும் எதிரான வெறுப்பு, அரசனைத் தொடாது, சமயப் பகையாகத் திசைதிருப்பப்பட்டது.

எனவே யாப்பைப் பகிர்ந்துகொண்டமை உரிமையைப் பகிர்ந்துகொண்டமை ஆகாது. அதுகொண்டு ஊடாட்டமே பொய்யென்பதும் தவறு. அவ்வூடாட்டத்தைப் படைத்தோர் அதனைக் காக்கும் அதிகாரம் அற்றிருந்தனர் என்பதே வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.