ஐந்து வயதுப் புகை

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1815-இல் தொடங்கிய ஆர்ட்பெக் வடிசாலையின் சிங்கிள் மால்ட் விஸ்கிகளில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது ‘வீ பீஸ்டி’. 2020-இல் வந்தது, பீப்பாயில் ஊறியது ஐந்தே ஆண்டு. பீட் என்னும் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துகிறார்கள். தானியத்தில் ஏறிய பீனால்கள் வடித்த பிறகும் விடுவதில்லை.

முகர்ந்ததும் தாரும் டிஞ்சர் அயோடினும் நெடியேறும். கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் அடியில் பேரிக்காயும் வெனிலாவும் தெரியும். வெனிலா, பர்பன் பீப்பாயின் உபயம். ஒலரோசோ ஷெர்ரி பீப்பாய்க்கும் இதில் பங்குண்டு. நாக்கில் கருமிளகு சுரீரென்கிறது, 47.4 சதவீத ஆல்கஹால் ஆயிற்றே. அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டால் காரம் அடங்கி இனிப்பு தலைகாட்டும். விழுங்கிய பிறகும் சாம்பலும் உப்பும் நெடுநேரம் நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. அதே வடிசாலையின் பத்து வயது அண்ணனிடம் உள்ள எலுமிச்சைத் தெளிவு இதற்கு வாய்க்கவில்லை. நடுவில் சற்று வெறிச்சோடுகிறது. ஆனால் பீட் புகை பீப்பாயில் வயது ஏற ஏறத் தணியும். புகைக்காகவே குடிப்பவருக்கு இந்த இளமை லாபம்தான். கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை.