பதினொரு தலைமுறை, ஒரு பராமரிப்பு

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் எட்டுப் பக்க பிடிஎஃப் ஒன்றை அனுப்பி, "படிச்சுட்டு சொல்லுங்க, நீங்கதான் எதையும் நோண்டுற ஆளாச்சே" என்று எழுதியிருந்தார். நாகர்கோவில்காரர். நியூ ஜெர்சிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அவர் போகும் சபைக்குப் பக்கத்து மாநிலத்தில், மலையடிவாரத்தில் ஒரு கேம்ப் கிரவுண்ட் உண்டு. அவருடைய மகள் நீச்சல் கற்றது அங்கேயுள்ள குளத்தில்தான். இப்போது பக்கத்து நிலத்தையும் வாங்கி, புதுக் கூடம் கட்டி, பொதுத் தங்குமிடங்களை இடித்துவிட்டுக் குளியலறையுடன் கூடிய குடும்பக் குடில்கள் போடப் போகிறார்களாம். மொத்தம் 30 லட்சம் டாலர். மூன்று வருடத் தவணையில் தருவதாகக் கையெழுத்திடும் படிவம் கடைசிப் பக்கத்தில்.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை, எந்தச் சபைக்காரனும் இல்லை. ஆனால் பிரசுரங்களைப் படிப்பது எனக்குக் கெட்ட பழக்கம். முதல் வேலையாகக் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினேன். 'வருங்காலத் தலைமுறை' பதினொரு இடத்தில் இருந்தது. 'பராமரிப்பு' ஒரே இடத்தில், அதுவும் "பராமரிப்புச் செலவு குறைந்த நவீனக் கட்டுமானம்" என்ற வாக்கியத்தில்.

நண்பர் மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொள்ள நினைத்திருந்த தொகை சின்னது இல்லை. அதனால் பொறுப்பாக ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த வகைப் பிரசுரம் நேற்று முளைத்ததில்லை, இதற்கு அமெரிக்காவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சரித்திரம் உண்டு. அதனால் பழைய கேம்ப் கிரவுண்டுகளில் 'வருங்காலத் தலைமுறை'க்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று பார்ப்போம் என உட்கார்ந்தேன்.

முதலில் மாசசூசெட்ஸ் கரையோரத் தீவான மார்த்தாஸ் வின்யார்டில் உள்ள வெஸ்லியன் குரோவ். 1835-ல் ஒரு கருவாலி மரத்தோப்பில் மெதடிஸ்டுகள் ஒன்பது கூடாரம் அடித்து ஆரம்பித்த வருடாந்திரக் கூட்டம். ஆரம்பத்தில் தங்கியதெல்லாம் சபைக்கு ஒரு பெரிய கூடாரம் என்ற கணக்கில்தான். வைக்கோல் பரப்பி, நடுவே திரை கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். கூட்டம் பெருகப் பெருகக் குடும்பத்துக்கு ஒரு கூடாரம் வந்தது. கூடாரத்துக்கு மரத்தளம் வந்தது. 1860-களில் கூடாரத்தின் வடிவத்திலேயே மரவீடுகள் வந்துவிட்டன. உச்சத்தில் சுமார் 500. இன்று 300-க்குச் சற்று மேல். கூரை விளிம்பில் பூவேலைப்பாடும் மிட்டாய் நிறமுமாக இணையத்தில் நீங்களும் படம் பார்த்திருப்பீர்கள்.

அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நடந்தது என்ன? எல்லோரும் ஒரே கூரையடியில் படுத்து எழுந்த இடம், வரிசையாகத் தனித்தனி வாசல்கள் கொண்ட இடமாக மாறியது. நிலம் இன்றும் சங்கத்துடையது, மேலே உள்ள வீடு மட்டும் தனியார் சொத்து. ஆனாலும் அந்த வீடுகள் இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. 1835-ல் வைக்கோலில் படுத்தவர்களின் 'வருங்காலத் தலைமுறை' என்று இதை வாங்குபவரைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கட்டமும் நியாயமான ஒரு வசதி, அவ்வளவுதான். நண்பரின் பிரசுரத்தில் பொதுத் தங்குமிடம் போய்க் குடும்பக் குடில் வருகிறதே, அது இந்தக் கதையின் மூன்றாவது பத்தி.

வெஸ்லியன் குரோவ் விரிவாக்கத்தை எப்படி எதிர்கொண்டது என்பது இன்னும் சுவாரசியம். 1866-ல் பக்கத்து நிலத்தை வாங்கி மனை போட்டு விற்க ஒரு கம்பெனி கிளம்பியது. கேம்பின் பெயரால் கூடும் கூட்டத்தை வைத்துக் கடலோர உல்லாச ஊர் கட்டுவது அவர்கள் திட்டம். (நம்மூரில் புதுக் கல்லூரி வந்ததும் சுற்றிலும் பிளாட் போடுவார்களே, அதே கணக்கு.) சங்கத்தார் சுற்றிலும் ஏழடி உயர வேலி போட்டார்கள். உல்லாச ஊர் வளர்ந்து தனி ஊராகிவிட்டது. வேலி பிற்பாடு போய்விட்டது, ஆனால் உள்ளே இருந்த சுமார் 34 ஏக்கர் தோப்பு இன்றும் கேம்ப் கிரவுண்டாகவே இருக்கிறது. நடுவே நிற்கும் திறந்தவெளி இரும்புக் கூடம் 1879-ல் எழுந்தது. மரத்தில் கட்டக் கேட்ட விலை கட்டுப்படியாகாததால் இரும்புக்குப் போனார்கள். 7 ஆயிரம் டாலர் சொச்சத்தில் முடிந்தது. சிக்கனத்தால் பிறந்த அந்தக் கூடம்தான் அந்த ஊரின் அடையாளம். அதைப் பழுதுபார்க்க இந்த நூற்றாண்டில் கட்டம் கட்டமாக நிதி திரட்ட வேண்டியிருந்தது, கட்டிய செலவைவிடப் பல மடங்கு.

அடுத்தது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓஷன் குரோவ். 1869 கோடையில் சில மெதடிஸ்ட் குடும்பங்கள் கடலோரத்தில் கூடாரம் அடித்து, ஜூலை 31 இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபக்கூட்டம் நடத்தி ஆரம்பித்த ஊர். மறு வருடமே மாநிலச் சட்டமன்றத்திடம் சாசனம் வாங்கிவிட்டார்கள். நிலத்தை விற்கவில்லை, 99 வருடக் குத்தகைக்கு மட்டும் விட்டார்கள். தரை வாடகை ஆண்டுக்குப் பத்து டாலர் சொச்சம் என்று நிர்ணயித்தார்கள், விலைவாசியோடு ஏறும் என்று எழுதவில்லை. அன்றைக்குப் பத்து டாலர் ஒரு தொழிலாளியின் வாரக்கூலி, இன்றைக்கு இரண்டு காபி. மென்பொருளில் ஒரு மாறிலியை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, பின்னால் வருபவர்கள் தலையில் கைவைப்பது போலத்தான்.

ஆனால் அந்தக் குத்தகை முறைதான் 150 வருடமாக நிலத்தைச் சங்கத்தின் கையில் வைத்திருக்கிறது. இன்றும் 114 கூடாரங்கள் ஒவ்வொரு மே மாதமும் எழுந்து செப்டம்பரில் சுருட்டப்படுகின்றன. பின்னால் ஒட்டியுள்ள சின்ன மரக்கொட்டகையில் சமையலறையும் குளியலறையும். குளிர்காலத்தில் கூடாரத்துணியும் அதற்குள்ளேதான். ஒரு கூடாரம் கிடைக்கப் பெயர் பதிந்துவிட்டுப் பல வருடம் காத்திருக்கிறார்கள். அங்கே கட்டடத்தைவிடத் துணிக்குத்தான் கிராக்கி.

அதற்காகக் கட்டடமே வேண்டாம் என்று சொன்னால் நான் நேர்மையற்றவன். 1894-ல் எல்வுட் ஸ்டோக்ஸ் தலைமையில் 92 நாட்களில் அங்கே எழுப்பிய கிரேட் ஆடிட்டோரியம், கிட்டத்தட்ட 10 ஆயிரம் பேர் உட்காரும்படி கட்டியது, செலவு சுமார் 69 ஆயிரம் டாலர். அதுவும் பழைய கூடம் போதவில்லை, வருகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று காசு கேட்டுக் கட்டியதுதான். (கட்டடக் கலைஞரின் பெயர் பிரெட் கேம்ப். நிஜமாகத்தான்.) மரக்கூரைக்குக் கீழே 1908-ல் வந்த ஆர்கன் ஒலிப்பதைக் கேட்டவர்கள், அந்தக் காசு வீண் என்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன்.

ஓஷன் குரோவ் வேறொரு பாடமும் சொல்கிறது. 'ஆதரவு' என்பது நன்கொடையாளரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 1979 வரை அந்தச் சங்கமே ஊருக்கு நகராட்சி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தெருவில் கார் ஓடக் கூடாது என்றுகூடச் சட்டம் இருந்தது. மத அமைப்பு நகராட்சி அதிகாரம் செலுத்தக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. 2007-ல் கடலோரப் பந்தல் மண்டபம் ஒன்றை ஒரு பெண் ஜோடியின் இணைவு விழாவுக்குத் தர மறுத்தார்கள். அந்த மண்டபத்துக்கு வரிவிலக்கு வாங்கியபோது அது பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள், எனவே விலக்குப் போனது. 2012-ல் வழக்கிலும் தோல்வி. அதே வருடம் சாண்டி புயல் நடைபாதையையும் மீன்பிடி மேடையையும் பெயர்த்துக்கொண்டு போனபோது, மத்தியப் பேரிடர் நிதி முதலில் மறுக்கப்பட்டு, தனியாரிடம் கையேந்தி, பிறகுதான் அரசுப் பணம் வந்தது. 150 வருடம் ஓடும் நிறுவனத்துக்கு யார் யாரிடமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கும் வேண்டியிருக்கிறது. பிரசுரங்களில் அதற்குப் பக்கமே இருப்பதில்லை.

இப்போது எனக்குத் தெரிந்த கணக்கு. கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட என்ன ஆகுமோ, அதில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுக் கட்டடங்களுக்குப் பல காலமாகச் சொல்லப்படும் அளவு. நண்பரின் 30 லட்சத்தில் நிலம் போகக் கட்டடம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 ஆயிரம் முதல் 80 ஆயிரம் டாலர். வைப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் முதல் கரையாது என்று கொண்டால், 10 முதல் 20 லட்சம் டாலர் வைப்பு வேண்டும். அதாவது கட்டும் செலவில் பாதி முதல் முழுசும் இன்னொரு தடவை. இதைச் சொல்லாமல் 'வருங்காலத் தலைமுறைக்காக' என்றால், அவர்களுக்குக் கட்டடத்தை அல்ல, ரசீதை அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு. நெய் அளக்கும் பொறுப்பு இன்னார் கையில் என்றும் எழுதிவைப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக் கூடாது. விளக்கு ஒருநாள் செலவு, நெய் தினச்செலவு என்று புரிந்துகொண்டு எழுதிய ஒப்பந்தம் அது. அத்தனையும் தடையில்லாமல் எரிந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

நண்பருக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். ஒன்று, புது நிலம் யார் பெயரில், எதிர்காலக் கமிட்டி அதை விற்க முடியுமா? இரண்டு, இப்போதுள்ள கட்டடங்களுக்குப் போன ஐந்து வருடத்தில் பழுதுபார்க்க எவ்வளவு ஆனது? மூன்று, குடும்பக் குடில் வந்தபிறகு, இன்று பொதுத் தங்குமிடத்தில் இலவசமாகத் தங்கும் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நானே சிறு தொகை தருகிறேன், ஆனால் கூடத்துக்கு அல்ல, வைப்பு நிதிக்கு என்றும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை போன் பண்ணினார். "முதலாவதுக்கு வக்கீல்கிட்ட கேக்குறாங்களாம். மூணாவதை யாரும் யோசிக்கவே இல்லைன்னு பாஸ்டரே ஒத்துக்கிட்டார், அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்னார். ரெண்டாவதுதான் சிக்கல். அந்தக் கணக்கெல்லாம் கேர்டேக்கர் ஒருத்தர் நோட்டுல எழுதி வச்சிருந்தாராம், அவர் போன வருஷம் ரிடையர் ஆகி ஃபுளோரிடா போயிட்டார். நம்பர் வாங்கியிருக்கேன்."