காத்திருக்கும் நோயாளியும் ஒரு நாவலும்

அறுவை செய்வதா, வேண்டாமா என்ற முடிவு தெரியாமல் சோதனைக்கு மேல் சோதனைக்குச் சென்று வரும் புற்றுநோயாளிக்குச் சில வேளைகளில் நோயைவிடக் காத்திருப்பே பெருந்துன்பமாகி விடுகிறது. இத்துன்பத்தை நெருங்கி நின்று காட்டும் நூல், ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் சோல்செனித்சின் எழுதிய 'புற்றுநோய்ப் பிரிவு' என்னும் நாவல். 1954-இல் தாஷ்கண்ட் நகரில் தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அவர். 1968-இல் மேலை நாடுகளில் வெளிவந்த இந்நாவல், அவருடைய தாய்நாட்டில் அச்சேற 1990 வரை ஆயிற்று. இதன் இலக்கியச் சிறப்பைப் பலர் பேசியுள்ளனர். அறிவியல் பயிலும் மாணவர் இதை எப்படிப் படிக்கலாம் என்பதே இங்கு நம் நோக்கம்.

கதை நிகழும் ஆண்டு 1955. பதினாறு வயதுச் சிறுவன் தியோமாவுக்குக் காலில் எலும்புப் புற்று. காலை எடுத்துவிட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். கதிர் சிகிச்சையால் கால் பிழைக்காதா என்று ஏங்குகிறான் அவன். அப்போது ஆஸ்யா என்ற பெண் மருத்துவமனைக்கு வருகிறாள். "வெறும் சோதனைதான், மூன்று நாளில் வீடு திரும்பிவிடுவேன்" என்ற நம்பிக்கையோடு வந்தவள் அவள். காலை இழந்து வாழ்வதும் ஒரு வாழ்வா என்று அவனிடம் கேட்கிறாள். வலி முற்றி, தியோமா அறுவைக்கு இசைகிறான். கால் போன பின் அவனிடம் அழுதுகொண்டு வருகிறாள் ஆஸ்யா. அவளுடைய மார்பகத்தை அகற்ற வேண்டும் என்பது சோதனையின் முடிவு. நாவலில் நெஞ்சை மிகவும் உலுக்கும் இடம் இது.

நோயாளியிடம் எதையும் சொல்லாத வழக்கத்தை ஆசிரியர் நன்கு தோலுரிக்கிறார். புரோஷ்கா என்ற இளைஞன் லத்தீனில் எழுதிய சீட்டோடு வெளியேறுகிறான். 'இதயத்தில் கட்டி, அறுவைக்கு இயலாதது' என்பது அதன் பொருள். அதை அறியாமல் அவன் மகிழ்ச்சியோடு ஊருக்குப் புறப்படுகிறான். என் உடலைப் பற்றி முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று மருத்துவரிடம் வாதிடுகிறான் கோஸ்தகுளோத்தவ். அந்த மருத்துவரான தோன்த்சோவா அம்மையாரே நோயுற்றபோதோ, தம் நோயின் விவரம் தமக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அறியும் உரிமைபோல அறியாதிருக்கும் விருப்பமும் மனித இயல்பே என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

ஆயினும் நூலில் குறைகளும் உண்டு. பந்தாட்டத்தில் பட்ட அடியிலிருந்து தியோமாவின் நோய் தொடங்கியதாகக் கதை சொல்கிறது. அடிபடுவதால் எலும்புப் புற்று உண்டாவதில்லை. முன்பே உள்ள கட்டியின்மீது அது கவனத்தைத் திருப்புகிறது, அவ்வளவே. பூர்ச்ச மரத்தில் வளரும் காளானைப் பற்றிய பேச்சு வார்டில் பெரும் நம்பிக்கையை எழுப்புகிறது. அந்த நம்பிக்கையை ஆசிரியர் ஆராயாமல் விட்டுவிடுகிறார். அக்காளான் மனிதரின் புற்றைக் குணமாக்கும் என்பது நிறுவப்படவில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, சோதனைகள் எதைக் கண்டறிய நடக்கின்றன என்பதை நாவல் விளக்காததே. அதனால் காத்திருப்பு வெறும் தண்டனையாகவே வாசகருக்குத் தோன்றுகிறது.

உண்மையில் ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வி. இளம்பருவத்தினரை அதிகம் தாக்கும் எலும்புப் புற்றான ஆஸ்டியோசர்க்கோமாவைப் பாருங்கள். திசு ஆய்வு, 'இது எவ்வகைக் கட்டி?' என்று கேட்கிறது. எம்.ஆர்.ஐ. படம், 'எலும்பில் எதுவரை பரவியுள்ளது? நரம்பும் இரத்தக் குழாயும் தப்பியுள்ளனவா?' என்று கேட்கிறது. சி.டி. படம், 'நுரையீரலுக்குச் சென்றுவிட்டதா?' என்று கேட்கிறது. இவற்றுக்கு விடை கிடைத்தால்தான் காலைக் காக்க முடியுமா என்று சொல்ல இயலும்.

காலை எடுத்த பின்னும் பலர் மாண்டதற்குக் காரணம், படத்தில் தெரியாத நுண்ணிய புற்றணுக்கள் முன்பே நுரையீரலில் குடியேறியிருந்ததுதான். அறுவையோடு மருந்துகளும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் இரண்டாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர் என்றும், அறுவை மட்டும் பெற்றவர்களில் அது 17 விழுக்காடே என்றும் 1986-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்று பெரும்பாலும் மருந்து முதலில், அறுவை பின்னர். இடைப்பட்ட வாரங்களில் மருந்து வேலை செய்கிறது. நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றிப் பலருக்குக் காலைக் காப்பாற்றவும் முடிகிறது. இங்கே காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆனால் இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், இன்றைய நோயாளியும் தியோமாவைப் போலத்தான் கலங்குவார். நம் ஊரில் லத்தீன் சீட்டு இல்லை. ஆங்கில அறிக்கை உண்டு. அதைப் புரியாமல் கையில் வைத்திருப்பவருக்கும் புரோஷ்காவுக்கும் வேறுபாடு குறைவே. "இந்தச் சோதனை எதை அறிய? விடை வந்தால் முடிவு எப்படி மாறும்?" என்ற இரு கேள்விகளை மருத்துவரிடம் தமிழில் கேட்கலாம், தமிழிலேயே விடை பெறலாம். இக்கேள்விகளை நாவல் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனினும் அவற்றைக் கேட்கும் தேவையை இவ்வளவு அழுத்தமாக உணர்த்துவதால், குறைகளை மனத்தில் கொண்டு மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் இது.