பத்தொன்பது அடி நீளப் புகைப்படம்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் என் வேலை, சூளையிலிருந்து வரும் பொம்மைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் பார்ப்பது. அப்படிப் பழகிய கண்ணுக்குப் போன மார்கழியில் ஒரு விருந்தே கிடைத்தது. லின்னேயஸ் ட்ரைப் 1858இல் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படத்தைக் கணினித் திரையில் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை!

சென்னை மாகாண அரசு தனக்கென்று அமர்த்திய புகைப்படக்காரர் ட்ரைப். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையில் இன்று நாம் பார்ப்பது பழுதுபார்த்த திருமலை நாயக்கர் மகால். அதற்கு முன்பு இடிந்து கிடந்த மகாலை அவர் படங்களில் காண முடிகிறது.

வேலை லேசானதா என்ன! தாளில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்பில் நனைத்து, பெரிய மரப்பெட்டிக் கேமராவில் வைத்து நிமிடக்கணக்கில் ஒளி காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த மெழுகைக் காப்பாற்றுவதே ஒரு தவம்.

தஞ்சையில் விமானத்தின் அடிப்பகுதியை ஒட்டிக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் பொறித்து வைத்த கல் அது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றியது பல்லாண்டுகளுக்குப் பிறகுதான்.

இன்னொரு வியப்பு கேளுங்கள். 1873இல் அமெரிக்கப் பாலைவனத்தில், வீலரின் நில அளவைக் குழுவோடு போன புகைப்படக்காரர் டிமத்தி ஓ'சல்லிவன், டி ஷே பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் ஒண்டியிருந்த பழங்குடியினரின் பாழடைந்த வீடுகளைப் படமெடுத்தார். அதே பயணத்தில், நியூ மெக்சிகோவில் ஒரு பாறையில் ஸ்பானியர் வெட்டிய எழுத்தை, பக்கத்தில் அளவுகோல் வைத்தே படமெடுத்தார். அதற்குப் 15 வருடம் முன்பே நம் தஞ்சையில் கல்லெழுத்துக்கு இத்தனை பெரிய மரியாதை நடந்துவிட்டது!

தை பிறந்ததும் தஞ்சாவூருக்கு ஓடினேன். காலைச் சாய்வெயில் சுவரை உரசியபோது, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மயிரிழை நிழல் விழுந்தது. உளியின் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. கைபேசியில் இருந்த பழைய படத்தையும் எதிரில் இருந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. கல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் படம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், வீண் ஆடம்பரம் என்று ட்ரைப்பின் புகைப்படப் பணியையே நிறுத்திவிட்டார். நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ட்ரைப் வெளியிட்ட தொகுப்புகளில் எங்கள் பழமலைநாதர் கோயிலும் இல்லை.

அதனால் என்ன? சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய கோயில் இது. ஞாயிறு தவறாமல் விடிகாலையில் போய்விடுகிறேன். வெயில் சாயும் பக்கமாக நின்று, அடிக்கு அடி நகர்ந்து, கைபேசியில் ஒரு வரிக் கல்வெட்டை எடுத்து ஒட்டிவருகிறேன். இதுவரை ஒன்பது துண்டு. உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கும். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள்!