இறுகிய பெடலைக் கழற்றும் கலை

மன்னார்த் தீவில், தலைமன்னார் வீதியோரத்துத் தோட்டவெளியில் கடற்காற்று ஓய்வதில்லை. அதிலுள்ள உப்பு சைக்கிளின் ஒவ்வொரு புரிக்குள்ளும் இறங்கிவிடும். அப்படி இறுகிப் பிடித்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று பெடலும் கிராங்கும் சேருமிடம். அதைச் சேதமில்லாமல் பிரிப்பது ரசித்துப் பார்க்க வேண்டிய கைவேலை.

பெரும்பாலான சைக்கிள்களில் வலது பெடலுக்கு வழக்கமான புரி. இடது பெடலுக்கு எதிர்ப்புரி. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. தெரியாதவர் இடது பெடலைக் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவார். தெரிந்தவரோ 15 மில்லிமீற்றர் ஸ்பனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சில்லுப் பக்கமாகத் தள்ளுவார். இரண்டு பெடலுக்கும் அதுவே விதி.

அசையாவிட்டால் அவர் அவசரப்படமாட்டார். துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுவார். மறுநாள் ஸ்பனரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி அழுத்துவார். நீளம் கூடினால் திருப்புவிசை கூடும். அலுமினியக் கிராங்க் என்றால் இளஞ்சூடு காட்டுவார். அலுமினியம் பெடல் அச்சின் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் பிடி தளரும். ‘டக்’ என்று புரி விடுபடும் ஓசையில் அவருடைய பொறுமைக்கும் அறிவுக்கும் பலன் கிடைக்கிறது.

கடலோரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களே, புதுப் பெடல் பூட்டும்போது புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுங்கள்.