பேஸ் கிடாரைத் தொடர்ந்து போனால்

இளையராஜா பிடிக்கும் என்று சொல்லாதவரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் 1976-இன் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி, வரிசை தப்பாமல், படம் படமாக, பாட்டுப் பாட்டாகக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் தனி ரகம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அப்படி ஒரு சின்னக் கூட்டம் உண்டு. விடுமுறை நாளில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்காருவோம். எதையும் தாண்டிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. ஓடாத படமாக இருந்தாலும் சரி, யாருக்கும் நினைவில்லாத காமெடிப் பாட்டாக இருந்தாலும் சரி, முறை வந்தால் கேட்டே ஆக வேண்டும்.

பீட்டில்ஸ் ரசிகர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். இயன் மெக்டொனால்டு 1994-இல் எழுதிய ‘ரெவல்யூஷன் இன் தி ஹெட்’ அவர்களுடைய பாட்டுகளைப் பதிவான வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும். அவர்கள் பாடு எளிது. எட்டு வருஷம், இருநூற்றுச் சொச்சம் பாட்டு. நம்மவருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

ஒரு பேண்டை இப்படிக் கேட்கலாம், சினிமா இசையமைப்பாளரை எதற்கு இப்படிக் கேட்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வரிசையாகக் கேட்டுப் பார்த்தவனாகச் சொல்கிறேன்: இதுவும் ஒரு பேண்டுதான். கிடாரில் சதா சுதர்சனம், பேஸ் கிடாரில் சசிதரன், டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மேனுவல், வயலினில் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழலில் பின்னாளில் அருண்மொழி என்ற பெயரில் பாடிய நெப்போலியன். வருஷக்கணக்கில் இதே கைகள்தான் வாசித்திருக்கின்றன. ஹிட் பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்டால் பாடகர் தெரிவார், நடிகர் தெரிவார். வரிசையில் கேட்கும்போதுதான் இந்தக் கைகள் பழகிய கைகளாகக் காதில் படும். கேசட் அட்டையில் இவர்கள் பெயரைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது.

ராக் பேண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பீட்டில்ஸில் பால் மெக்கார்ட்னி தன் பேஸைத் தானே தேடிக் கண்டுபிடித்து வாசித்தார். இங்கே எல்லாமே ராஜா தாளில் எழுதிக் கொடுத்தது, பேஸ் உட்பட. லண்டன் டிரினிடி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியவர், சலில் சௌத்ரிக்குக் கிடார் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, நரம்பு எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்திருக்கிறது.

அந்த பேஸைத்தான் நான் விடாமல் பின்தொடர்கிறேன். மற்ற இசையமைப்பாளர்கள் பலரிடம் பேஸ் தாளத்தோடு சேர்ந்து ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ராஜாவிடம் அது பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக ஓடும். ‘மூடுபனி’யில் யேசுதாஸ் கிடாரோடு பாடும் பாட்டைக் கேளுங்கள். 1980-இல் வந்த ராஜாவின் நூறாவது படம் அது. யேசுதாஸ் நீட்டி நிறுத்தும் இடங்களில் குரலை விட்டுவிட்டு அடியில் நடப்பதை மட்டும் கவனியுங்கள். குரல் ஓய்வெடுக்கும் நேரத்தில் பேஸ் தன் பேச்சைத் தொடர்கிறது. ‘நினைவெல்லாம் நித்யா’வில் எஸ்.பி.பி. பாடும் மலர்வனப் பாட்டு இன்னும் துணிச்சலானது. சலநாட்டை ராகம், 36-ஆவது மேளம், விவாதி. அதற்குள் கார்டு போடுவதே கஷ்டம். சும்மா போட்டால் ராகம் குலைந்துவிடும். அங்கே பேஸ் நகரும் விதம்தான் ராகத்தையும் மேற்கத்திய ஹார்மனியையும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடிவைக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டின் உண்மையான அதிசயம் மெட்டில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு நாள் இது ஏன் காதில் விழவில்லை என்பதற்கு எங்கள் கூட்டத்தில் இருக்கும் பொறியாளர் பதில் வைத்திருக்கிறார். பேஸ் கிடாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டரின் சிறிய ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வெளியே வராது, அதன் மேல் சாயல்தான் வரும். இலங்கை வானொலியிலும் டீக்கடை ரேடியோவிலும் வளர்ந்த எங்கள் தலைமுறை பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறது. நல்ல ஹெட்போனில் முதல்முறை முழுசாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனப்பாடமான பாட்டுக்குள் இத்தனை நாளும் ஒருவர் யாருக்கும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

கேட்கும் வரிசையை நாமேதான் குலைத்துவிட்டோம். கேசட் காலத்தில் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போவோம். அறுபது நிமிஷக் கேசட்டில் 1978-உம் 1984-உம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். எங்கள் கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வேலைக்கு இங்கே வந்த பலருக்குத் துணை அந்தக் கேசட்டுகள்தான்.

பல மாநிலத்துக்காரர்கள் சேர்ந்து வாழும் ஊர் என்பது இந்த ரசனைக்குப் பெரிய கொடுப்பினை. 1982-இல் பாலு மகேந்திராவின் ‘ஓளங்கள்’ படத்துக்கு ராஜா போட்ட தும்பிப் பாட்டை எங்கள் மலையாள நண்பர் தன் ஊர்ச் சொத்தாகவே பேசுவார். அதே மெட்டு ‘ஆட்டோ ராஜா’வில் தமிழாக வந்தது. அந்தப் படத்துக்கு இசை சங்கர் கணேஷ். அந்த ஒரு பாட்டு மட்டும் ராஜாவுடையது. 2009-இல் ‘பா’ படத்தில் இந்திக்கும் போனது. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் மெட்டு அப்படியே இருக்க, சுற்றியுள்ள ஆர்க்கெஸ்ட்ரா ஒவ்வொன்றிலும் புதிதாக இருக்கிறது. தன் மெட்டைத் தானே மறுபடி வாசித்துப் பார்க்கிறார் மனிதர்.

எங்கள் வரிசையில் இப்போது 1986-க்கு வந்திருக்கிறோம். இங்கேதான் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ‘புன்னகை மன்ன’னில் சீக்வென்சர் நுழைகிறது. தாளம் துல்லியமாகிறது, ஒலி பளபளக்கிறது. இளையவர்களுக்கு அது புது வாசல். எனக்கு 1978 முதல் 1984 வரையிலான ஆண்டுகள்தான் உச்சம். மனிதக் கைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வாசிக்கும்போது தாளத்தில் வரும் மெல்லிய சாய்வை இயந்திரம் தராது.

அதே வருஷம்தான் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹௌ டு நேம் இட்’ வந்தது. அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்திப்பதாகப் பெயர் வைத்த துண்டைக் கேட்பதற்கு முன், பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுங்கள். பாக் அதை ஒற்றை வயலினுக்கு எழுதினார், பக்கவாத்தியமே கிடையாது. அந்த வயலினோடு பேசுவதற்கு ராஜா எதிர்வரிகளை எழுதிச் சேர்த்தார். ‘அன்னக்கிளி’ முதல் பத்து வருஷம் பாடகர்களின் குரலுக்கு அடியில் செய்துவந்த அதே வேலையை இங்கே பாக்குக்குச் செய்திருக்கிறார்.